கார்டு இருந்தால்தான் சாப்ட்வேர்

"நெசமாவே சும்மாவா தராங்க?"

"ஆமாங்க. நீங்க வருசா வருசம் பணம் கட்டிக்கினு இருந்த சாப்ட்வேர்ல செய்யறது அத்தனையும் இதுலயும் செய்யலாம். லெட்டர், கணக்கு, பயோடேட்டா, எல்லாம்."

"சும்மா குடுக்கறவங்க பின்னால ஏதாச்சும் கேப்பாங்களே."

"இவங்க கேக்க மாட்டாங்க."

"சரி, நீங்களும் சும்மாதான போட்டுக் குடுக்கறீங்க? நீங்க இன்னா கேப்பீங்க?"

போன வாரம் எழில்மதி இப்படிக் கேட்டபோதே கலையரசன் தன் மனசில் இருப்பதைச் சொல்லியிருக்கலாம். அதற்கென்று இரண்டு வருடமாக ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தான். ஆனால் "ஒரு டீ போதும்ங்க" என்று சொல்லிவிட்டு, வந்த டீயையும் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

கச்சிராயபாளையம் சாலையில் அவளுடைய டைப்பிங் சென்டர். நாலு கடை தள்ளி அவனுடைய செல்போன் கடை. அவளைப் பார்ப்பதற்காகவே தினமும் தன் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வருவான். வீட்டில் பரண் நிறைந்துவிட்டது.

இன்று சாயங்காலம் அவளைப் பெண் பார்க்கச் சின்னசேலத்திலிருந்து வருகிறார்களாம். காலையில் காதில் விழுந்ததும், கடை ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தான்.

வாசலில் நீண்ட வரிசை. எல்லார் கையிலும் ரேஷன் கார்டு.

காரணம் கதவில் ஒட்டியிருந்தது. புது சாப்ட்வேரில் எழில்மதி ஆசையாக அடித்த முதல் அறிவிப்பு: 'இலவச ஆபீஸ் சாப்ட்வேர் இங்கே கிடைக்கும்.' அதில் 'இலவச' மட்டும் பெரிய சிவப்பு எழுத்தில். மலைக்குப் போகும் பஸ் எதிரேதான் நிற்கும். கண்டக்டர் படித்திருக்கிறார். கல்வராயன் மலை முழுக்கச் செய்தி ஏறிவிட்டது.

"மிக்ஸி, கிரைண்டர் மாதிரிதான? இது இன்னா எடை இருக்கும்?" என்றாள் வெள்ளிமலையிலிருந்து சாக்கோடு வந்திருந்த பாப்பாத்தி.

"எடையே கிடையாதுக்கா," உள்ளிருந்து எழில்மதி கத்தினாள்.

"எடை போட மாட்டாங்களாமே! அப்ப கம்மியாத்தான் குடுப்பாங்க."

கலையரசன் பக்கவாட்டில் நுழையப் பார்த்தான். சாக்கு குறுக்கே வந்தது.

"எங்க போற? நாங்கல்லாம் மொத பஸ்சுக்கு வந்தவங்க. கார்டு இருக்குதா?"

"இல்லக்கா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்..."

"எங்களுக்கு மட்டும் பேச வாய் இல்லையா? வூட்டுக்குப் போயி கார்டு எடுத்துக்கினு வா. கடைசில நில்லு."

ஓடிப்போய் எடுத்து வந்தான். கடைசியில் நின்றான்.

எழில்மதி ஒவ்வொருவருக்கும் சாப்ட்வேர் என்றால் என்ன என்று விளக்கினாள். வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், ஆளுக்கொரு ஜெராக்ஸ் இலவசமாக எடுத்துக் கொடுத்தாள். பாப்பாத்தி மட்டும் நகரவில்லை. ஜெராக்ஸைச் சாக்கில் போட்டுக்கொண்டு, கடைசி ஆளுக்காவது சாமான் கிடைக்கிறதா என்று பார்க்க நின்றாள்.

தொண்டை கட்டிப்போன எழில்மதி தலை நிமிராமலே கை நீட்டினாள். "கார்டு குடுங்க."

வாங்கிப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"நீங்களா? போட்டுக் குடுத்தவரே வரிசைல நிக்கறீங்க? உங்களுக்கு இன்னாங்க வேணும்?"

இரண்டு வருடத்து வாக்கியம் அவனுக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. அவள் கையிலிருந்த கார்டு மட்டும்தான் கண்ணில் பட்டது.

"சீக்கிரம் கேளுப்பா, பஸ் வந்துடும்," என்றாள் பாப்பாத்தி.

"இந்தக் கார்டுல எங்கம்மா பேரும் என் பேரும் மட்டும்தாங்க இருக்குது," என்றான் கலையரசன். "உங்க பேரையும் சேக்கணும்."