வாசனை போன மாதம்

நான்கு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு ஐந்தாம் நாள் காலையில் நாகப்பன் தேயிலை ஆலைக்குள் நுழைந்தபோது எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. உருளைகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் நசுங்கிய இலையைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து, புளிக்கும் அறையின் சிமெண்டுத் தரையில் இராசம்மா பரப்பிக்கொண்டிருந்தாள். நாகப்பன் குனிந்து ஒரு பிடி இலையை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

ஒன்றுமே வரவில்லை.

சளியாக இருக்கும் என்று மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி முகர்ந்தார். மூன்றாவது முறையும் முகர்ந்தார். ஈரமான எதையோ முகத்தில் வைத்ததுபோல் குளிர்ந்ததே தவிர, வாசனை என்று ஒன்று உலகத்தில் இருந்ததற்கான அடையாளமே இல்லை. கையிலிருந்த இலை நடுங்கியது. கைதான் நடுங்குகிறது என்று அவருக்குக் கொஞ்சம் கழித்தே தெரிந்தது.

அந்த அறையில் இருபத்துமூன்று வருடமாக அவர் செய்துவந்த வேலையே அதுதான். நசுங்கிய இலை தரையில் கிடந்து மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு மாறும். பச்சைப் புல்லின் வாடை விலகி, பழுத்த பழத்தின் மணம் எழும்பும். அந்த மணம் எழும்பிய நிமிடத்தில் இலையை அள்ளிச் சூட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கொஞ்சம் முந்தினால் தேநீர் பச்சையாகக் கசக்கும். பிந்தினால் சப்பென்று போய்விடும். அந்த நிமிடத்தைச் சொல்கிறவர் நாகப்பன். "எடு" என்பார், எடுப்பார்கள். அந்த மலையிலுள்ள கம்போங் ராஜா ஊர் வரைக்கும் தோட்டத்து ஆட்கள் அவரை 'மூக்கு நாகப்பன்' என்றுதான் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட ஒரு முறை அப்படி அச்சடித்துவிட்டார்கள். அதை அவர் மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார்.

அன்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உத்தேசமாக "எடு" என்றார். அந்த மலைக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆலையின் பொறுப்பாளரான டீமேக்கர் சாம்பசிவம் தினமும் மத்தியானம் அன்று ஆலையில் ஓடிய ஒவ்வொரு பாகத்துத் தூளிலிருந்தும் தேநீர் ஊற்றிச் சுவைத்துப் பார்ப்பவர். இன்றைக்குக் கூப்பிட்டுத் திட்டப்போகிறார் என்று நாகப்பன் காத்திருந்தார். கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள், லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றான அவர் வீட்டில், அடுப்பில் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது. நாகப்பன் பக்கத்திலேயே பலகையில் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருந்தார். வெளியே குழாயடியில் இருந்த மனைவி அம்சவல்லி அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏங்க! லயமே நாறுது, பக்கத்துல குந்திக்கிட்டுப் பாத்துக்கிட்டா இருக்கீங்க?"

சட்டியில் கருவாடு கரியாகியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அம்சவல்லி அலமாரியிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து, மூடியைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

"என்ன தெரியுது?"

"சில்லுன்னு இருக்கு."

"வாசம்?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலில் சிலருக்கு இப்படிப் போவதுண்டு, திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். வெளியே வந்ததும் நாகப்பன் அம்சவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருக்கும் சொல்லாதே வல்லி. ஒரு மாசம் பாப்போம்."

அந்த மாதம் முழுக்க அவர் கடிகாரத்தையும் குருட்டு அதிர்ஷ்டத்தையும் வைத்துக்கொண்டு "எடு" என்றார். தினமும் காலையில் இன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் போனார். மாதக் கடைசியில் சாம்பசிவம் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது, வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்ற நிச்சயத்தோடு சுவைக்கும் அறைக்குள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன.

"நாகப்பா, ரெண்டு வருஷத்துல இந்த மாதிரி தூள் வந்ததே இல்ல லா!" என்றார் சாம்பசிவம். "மேனேஜர் துரை குடிச்சுட்டு அசந்துட்டாரு. உன்னைய சூப்பர்வைசராப் போடச் சொல்லிட்டாரு. திங்கக்கிழமை காலையில பேர் கூப்புடுற பெரட்டுக் களத்துல எல்லார் முன்னாலயும் துரையே கைகுலுக்கப் போறாரு."

நாகப்பன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில் ஆள் ஆடிப்போய்விட்டான் என்று நினைத்து சாம்பசிவம் ஒரு கோப்பையை அவர் கையில் கொடுத்தார். அதைக் குடித்தார். வெந்நீர் குடித்ததுபோல் இருந்தது.

வேலை போயிருந்தால்கூட அவர் அப்படி இடிந்துபோயிருக்க மாட்டார். மூக்கு இல்லாதவன் போட்ட தேயிலை, மூக்கு இருந்தவன் போட்டதைவிட நன்றாக இருக்கிறது. அப்படியானால் இருபத்துமூன்று வருடம் அந்த அறையில் நின்றது யார்? எதற்காக நின்றார்?

மறுநாள் ஒன்று செய்து பார்த்தார். இலை இன்னும் பச்சையாகக் கிடக்கும்போதே, வேண்டுமென்றே "எடு" என்றார்.

இராசம்மா "சரிண்ணே" என்றாள். பலகைக் கரண்டியை எடுத்தாள். பிறகு அது அழுக்காக இருப்பதாகச் சொல்லிக் கழுவப் போனாள். திரும்பி வந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். ஓரத்தில் சிதறிய இலையைக் கையால் கூட்டினாள். பத்து நிமிடம், கால் மணி நேரம். நடுவே ஒரு சிட்டிகையை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு தரம் முகர்ந்தாள். அதன் பிறகுதான் அள்ளினாள்.

அடுத்த பாகத்துக்கு நாகப்பன் வாயையே திறக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. "ஓரத்தைச் சரிபண்றேண்ணே" என்று இராசம்மா தானாகவே அள்ளத் தொடங்கினாள். ஓரம் நடுவாகி, நடு முழுவதுமாகி, தரை காலியானது.

நாகப்பன் கூடைகள் வெளியே போகும்வரை பொறுத்திருந்து, அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

"எத்தனை நாளா இது நடக்குது?"

இராசம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கணவன் இறந்த பிறகு மலைக்காட்டில் கொழுந்து பறிப்பதை விட்டு ஆலைக்குள் வந்தவள் அவள். பதினோரு வருடமாக அதே அறை. அவளுக்கு அவர் "பரப்பு", "எடு" தவிர வேறு என்ன சொல்லியிருக்கிறார் என்று நாகப்பனுக்கு நினைவில்லை.

"நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப டீமேக்கர் ஐயா வந்து மணியப் பாத்துட்டுப் போயிடுவாரு. நான்தாண்ணே பாத்துக்கிட்டேன். திரும்பி வந்த மொத நாளே மூணு தரம் மோந்து பாத்தீங்க. கை நடுங்குச்சு. புரிஞ்சு போச்சு."

"அதுக்கு முன்னால?"

அவள் கீழே கிடந்த கரண்டியைக் காலால் ஓரமாக நகர்த்தினாள்.

"கேக்குறேன்ல! அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால நீங்கதாண்ணே. ஆனா மழ நாள்ல கொஞ்சம் அவசரப்படுவீங்க. அப்பல்லாம் நான் மெதுவா அள்ளுவேன்."

"எத்தனை வருஷமா?"

"ஆறேழு வருஷம் இருக்கும்."

கன்னத்தில் அறை வாங்கியதுபோல் நாகப்பன் பின்வாங்கினார். ஆறேழு வருடம். மழைக்காலத் தேயிலைக்காக அவருக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் கண்முன் வந்தது. அவமானம் கோபமாக வெளியே வந்தது. "யார் உனக்குச் சொல்லிக் குடுத்தா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் சொல்லித் தரல. நாளெல்லாம் காலடியிலதான கெடக்கு. சொன்னா மட்டும் யாரு கேப்பா, கூட்டி அள்ளுற பொம்பள பேச்ச?" அவள் குரலில் வருத்தம் இல்லை. "எனக்கு அது புடிச்சிருக்குண்ணே. அந்த வாசம் திரும்புற நிமிசம் இருக்கே, அதுக்காகத்தான் காலையில எந்திரிச்சு வர்றேன். வீட்டுல யாரு இருக்கா எனக்கு? இங்க வந்தா அது இருக்கு."

'எடு' என்று சொல்லும்போது நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்களே, அது அவருக்குப் பிடிக்கும். பேர் சொல்லி அழைப்பது பிடிக்கும். ஆனால் அந்த நிமிடத்துக்காக ஒரு நாளாவது காலையில் எழுந்தாரா? எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு காலை அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாம்பசிவத்தின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"வெளையாடாத லா" என்று சிரித்தார் சாம்பசிவம். நாகப்பன் சிரிக்கவில்லை. சாம்பசிவம் எழுந்துபோய் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் ஒரு கோப்பை ஆறிய தேநீரையும் கொண்டுவந்தார். "கண்ண மூடு. எது எது?" நாகப்பன் இரண்டையும் முகர்ந்துவிட்டு, முதலாவதைத் தேநீர் என்றார். அது மண்ணெண்ணெய். சாம்பசிவத்தின் முகம் வெளுத்துப்போனது.

"தினமும் குடிச்சுப் பாக்குறவன் நான். எனக்கே தெரியலையே! துரை என்னைய இல்ல கேப்பாரு?" போத்தலை மூடி வைத்துவிட்டு, "நீ வாயத் தொறக்காத. திங்கக்கிழமை கைகுலுக்கிட்டுப் போயிடு" என்றார்.

"முடியாதுங்கய்யா. அந்த வேலை இராசம்மாவுக்கு."

"பொம்பளைக்கா?"

"ஒரு நாலு நாள் நீங்களே வந்து நில்லுங்க. அவ சொல்லட்டும்."

பெரட்டுக் களத்தில் கைகுலுக்கல் நடக்கவில்லை. நாகப்பனுக்கு மறுபடி காய்ச்சல் என்று ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிவைத்தார்கள். அந்த நான்கு நாளும் சாம்பசிவம் கைக்கடிகாரத்தோடும் வெப்பமானியோடும் அறையில் நின்றார். ஒவ்வொரு பாகத்துக்கும் தன் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இராசம்மாவின் வாயைப் பார்த்தார். நான்காம் நாள் துரையின் அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அடுத்த மாதம் புளிக்கும் அறையின் பொறுப்பில் இராசம்மாவின் பெயர் எழுதப்பட்டது. தன் பெயரைக் கேட்டபோது அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாளாம், வேறு இராசம்மா யாராவது நிற்கிறார்களா என்று.

நாகப்பனை மாடிக்கு அனுப்பினார்கள். பறித்த கொழுந்தை வாட்டுவதற்காகப் பரப்பும் இடம் அது. லயத்தில் சிலர் கேலி பேசினார்கள். கடையில் அவர் நுழைந்தால் ஒருவன் மூக்கைத் தொட்டுக் காட்டுவான். முதல் இரண்டு மாதம் அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தார். வாசனை திரும்பி வரவே இல்லை.

மாடியில் மூக்குக்கு வேலையும் இல்லை. எல்லாம் கைதான். வாடிய இலையை இறுகப் பிடித்துக் கையை விரித்தால் அது மெல்லப் பிரிய வேண்டும். சட்டென்று விரிந்தால் இன்னும் ஈரம். நொறுங்கினால் காய்ந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் அவர் அங்கிருந்த பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகினார். நிறையத் தப்புச் செய்தார். இராசம்மா கீழிருந்து மாடிப்படிக்கு வந்து, "அண்ணே, இன்னைக்கு எல கொஞ்சம் ஈரமா வருதே" என்று குரல் கொடுப்பாள். முன்பு அப்படி யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். இப்போது காற்றாடியின் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டு, மறுபடி ஒரு பிடியை எடுத்துப் பார்த்தார்.

எப்போதிலிருந்து காலையில் ஆவலோடு எழுந்து வரத் தொடங்கினார் என்று அவருக்கே தெரியாது. அடுத்த வருடம் ஒரு நாள் அம்சவல்லி மலைக்காட்டிலிருந்து கொழுந்துக் கூடையோடு ஆலைப் பக்கம் வந்தவள், மேலே திறந்திருந்த சன்னல்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவனின் குரல்தான்; இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அது பாடி அவள் கேட்டதே இல்லை.

சாயங்காலம் அவர் படியேறி வீட்டுக்குள் வந்ததும் அவள் கேட்டாள்: "நீங்க பாட்டெல்லாம் பாடுவீங்களா?"

நாகப்பன் திகைத்துப்போய் நின்றார். "நானா? பாடினேனா?"