தக்கை படுத்தால் தூக்கு

1.

இந்தக் கதை ஒரு தூண்டில் இரைக்கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடமிருந்து திருடியது. ஈனிட் ஏரிக்குப் போகும் வழியிலுள்ள கடை. அந்தப் பெண் ஒரு தக்கையைத் தூண்டில் நரம்பில் கட்டி, ஈயக்குண்டு கோத்து, உயிர்மீன் தொட்டிக்குள் விட்டு வாயால் ஊதிக்கொண்டிருந்தாள். அது ஆடி நின்றதும் வெளியே எடுத்தாள். அடுத்ததை விட்டாள். பின்னால் வரிசை நீண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவே. மிச்சம் என் கைச்சரக்கு. பெயர் ரோவீனா என்று வைக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: டெல்மரின் வலது கை ஓர் உறங்கும் பறவையைப் போல அவருடைய மடியில்…

வேண்டாம். டெல்மர் ஸ்டோவால் இதைப் படித்தால் காறித் துப்புவார். நேராகவே சொல்கிறேன்.

2.

ரோவீனாவின் கணவர் டெல்மருக்குப் போன இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார். வலது கை விரல்களில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. தூண்டில் கம்பைப் பிடிக்கும், ஆனால் கம்பு சொல்வது அவருக்குக் கேட்காது.

மீன் கடிப்பதைக் கண்ணுக்குக் காட்டும் தக்கையை டெல்மர் ஆயுளில் கட்டியவர் அல்ல. மீன் இரையை முகர்வதை விரலிலேயே கண்டுபிடிப்பார். தக்கைக்காரர்களைக் கண்டால், “சர்ச்சுல உக்காந்து கடிகாரத்தையே பாக்கறவனுங்க” என்பார்.

இந்த வசந்தத்தில் முதல் முறையாக ஏரிக்குப் போனார்கள். கூடவே ரோவீனாவின் தம்பி ஹோலிஸ். அதே மரத்தடியில், அதே இரையில், ஹோலிஸின் பெட்டி நிறைந்துகொண்டே வந்தது.

“என்ன மச்சான், உங்க பக்கத்து மீனெல்லாம் விரதமா?”

“கடிக்கலடா. தண்ணி இன்னும் குளிருது” என்றார் டெல்மர்.

கரையேறும்போது, படகை விற்றுவிடப் போவதாக அறிவித்தார். முதுகு வலிக்கிறதாம். அவர் முள்ளில் இரை மீன்கள் குதறப்பட்டுத் திரும்பி வந்ததை ரோவீனா பார்த்திருந்தாள். இவ்வளவு காலம் படகை ஓட்டுவதும் சுடோகு போடுவதும்தான் அவள் வேலை. தூண்டில் பக்கம் போனதில்லை. மறுநாள் காலை இரைக்கடைக்குப் போனாள்.

3.

“இந்த உருண்டையை எடுத்துக்கோயேன், எல்லாரும் வாங்கறதுதான்” என்றாள் கடைக்காரி மர்லீஸ். சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் பந்து.

“பொறந்தநாள் பலூன் மாதிரி இருக்கு. இதை நீட்டினா அந்த மனுஷன் என்னையே தண்ணில தள்ளிருவாரு.”

“ஓ, டெல்மருக்கா?” மர்லீஸ் குரலைத் தணித்தாள். “அப்ப உருண்டை வேணாம். அது தடியா மிதக்கும், மீன் இழுத்துப் பாத்துட்டுத் துப்பிடும். ஒல்லி பாரு. பால்சாங்கற லேசான கட்டை, பென்சில் மாதிரி.”

“இது முங்கினா கண்ணுக்குத் தெரியுமா?”

“அங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. கிராப்பி மீன் கீழேருந்து மேல ஏறி வந்து வாங்கும். ஈயத்தையும் சேத்துத் தூக்கிடும். தக்கை முங்காதுடி, படுத்துரும். படுத்தா தூக்கணும்.”

(இந்த ஒரு வரிக்காகத்தான் கதையையே எழுதினேன் என்றால் நம்புவீர்களா? பாதி நிஜம்.)

ரோவீனா தொட்டியில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, ஆரஞ்சு முனை வைத்ததைத் தேர்ந்தெடுத்தாள். ஏரித் தண்ணீரில் நிற்கும் சைப்ரஸ் மர நிழலில் பச்சை முனை தொலைந்துபோகும்.

4.

இங்கே ரோவீனாவை நான் சந்தேகப்பட்டேன். பழைய வடிவத்தில் அவள் தக்கையைத் தன் கம்பில் கட்டிக்கொண்டு, தெரியாதவள்போல் மீன் பிடித்து, டெல்மர் தானாகக் கேட்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். கதைகளில் மனைவிமார்களுக்கு நாம் கொடுத்துவைத்திருக்கும் சாமர்த்தியம் அது. தொட்டியில் ஊதிக்கொண்டு ஊரையே காக்க வைத்தவள் அப்படிச் செய்ய மாட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

படகில் இருவர் மட்டும். சைப்ரஸ் மரத்தடியில் எஞ்சினை அணைத்துவிட்டு அவருடைய கம்பை எடுத்தாள்.

“என்ன அது?”

“தக்கை.”

“யாருக்கு?”

“உனக்குத்தான். உன் கை பொய் சொல்லுது டெல்மர். மீன் கடிக்குது. இரை பிஞ்சு பிஞ்சு வருது. நான் பாத்தேன்.”

அவர் மரங்களைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?” என்றார். “முதல் இரை பிஞ்சு வந்தப்பவே தெரியும். உன் தம்பி முன்னாடி சொல்ல வாய் வரல.”

“அதுக்குப் படகை விப்பியா?”

“வேற என்ன செய்ய? அவனைப் பாத்து, கை செத்துப்போச்சுடான்னு சொல்லவா?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல.”

அவர் இடது கையால் தக்கையை வாங்கித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“யார் கட்டினது இதை? கொடிக்கம்பம் மாதிரி நிக்குது. இன்னும் ஈயம் போடு.”

“நீயே போடேன்.”

“விரல் அழுத்தாதுடி. குறடை எடு. அங்க இல்ல, முள்ளுப் பக்கமா. இன்னும் ஒண்ணு. முனை மட்டும் தெரியணும், ஒரு அரிசி அளவு. தக்கை கட்டறதுன்னு ஆயிருச்சு, ஒழுங்காக் கட்டு.”

“சரிய்யா, கத்தாதே, மீன் ஓடிரும்.”

ரோவீனா குறடால் ஈயத்தை நசுக்கினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவர் தன்னை அதட்டுகிறார் என்பது அவளுக்கு உறைத்தது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

5.

தக்கை நின்றது. ஒரு தட்டான் வந்து உட்கார்ந்து போனது. பிறகு ஆரஞ்சு முனை கொஞ்சம் உயர்ந்து, மெல்லச் சாய்ந்து, தண்ணீர்மேல் படுத்தது.

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில், உள்ளங்கையை மறைக்கும் அகலத்தில் ஒரு கிராப்பி படகுக்குள் துள்ளி விழுகிறது. சோளமாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். மற்றதில், வாய் கிழிந்து அது தப்பிவிடுகிறது. முள் வெறுமையாக ஆடுகிறது. எது நடந்தது என்பதை உங்களிடமே விடுகிறேன். நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, அவ்வளவு தேவையும் இல்லை.

ஏனென்றால் இரண்டிலுமே ரோவீனா வாயைத் திறக்குமுன் அவர் கம்பைத் தூக்கிவிட்டார். இரண்டிலுமே, மூச்சு வாங்கியபடி அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்:

“இதுல ஒண்ணுதான் வாங்கினியா?”