விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதியது

1

இந்தக் கதை என் கடையில் மிஞ்சிய ஒரு தாளிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் கற்பனையைப் பாராட்ட வேண்டாம். கம்பளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோகொப்பி எடுப்பேன், கடிதம் தட்டச்சு செய்வேன், இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். மிஞ்சிய தாள்களை எறிவதில்லை. அவற்றின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். மூன்று கதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், அது உங்கள் குற்றமல்ல.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் சிந்துஜா

அடித்துவிட்டேன். அன்று பனியே இல்லை, மண்டை பிளக்கும் வெயில். நேரமும் காலையல்ல. பிறகு இப்படி:

சிந்துஜாவுக்கு இரண்டு ஊர்கள். ஒன்றில் அவள் வசித்தாள், மற்றதில்

இது பொய்யில்லை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டாமென்று நிறுத்தினேன். இப்போதைக்கு இதுதான் தொடக்கம்:

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரே நாள் இருக்கையில், சிந்துஜா தன் தகப்பன் சந்திரகுமாரோடு கடைக்கு வந்தாள். அவளுக்கு இருபது வயது. ஏ.எல். என்னும் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் இரண்டாம் முறை எழுதி, நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். விருப்ப வரிசையில் முதலாவதாக அவள் எழுதிக் கொண்டுவந்திருந்தது பாமசி, அதாவது மருந்தாளர் பட்டப்படிப்பு.

2

ஏன் பாமசி? நீங்கள் கேட்பீர்கள் என்று நினைத்து, இந்த இடத்தில் அவளுக்கு ஒரு தம்பியைக் கொடுத்தேன். மாற்றிக் கொடுத்த மருந்தால் அவனைச் சாகடித்தேன். ஒரு பக்கம் முழுக்க அழுதார்கள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் சிந்துஜாவுக்குத் தம்பியே கிடையாது. ஒரு பெண் ஒன்றைப் படிக்க விரும்புவதற்கு வீட்டில் ஒருவர் செத்திருக்க வேண்டுமென்று நினைத்ததற்காக வெட்கப்பட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

உண்மையான காரணம் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அவர்களுடைய லயத்தில் அடுத்த வீட்டு மூக்காயி, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளை அதற்குள்தான் போட்டு வைப்பார். உறைகளில் சிங்களத்தில் எழுதியிருக்கும், அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஒருநாள் சிந்துஜா போத்தலைக் கொட்டிப் பார்த்தால் இரண்டு விதமான பிரஷர் மாத்திரைகள்.

"இது யாரோடது?"

"அவரோடது தாயி. அவரு போயி மூனு மாசமாச்சி. இன்னும் நெறைய மிச்சம் கெடக்கு. காசு குடுத்து வாங்குனத வீசவா முடியும்? அதான் என்னோடதோட சேத்துப் போட்டுக்கிறேன்."

மூக்காயிக்குச் சில நாட்களாகவே தலை சுற்றியது. வயதாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இறந்த கணவரின் மாத்திரைகளைச் சிந்துஜா தனியே எடுத்துக் கட்டினாள். மீதியை வேளைக்கு ஒன்றாகப் பிரித்து, உறைகளில் சூரியனும் நிலவும் வரைந்து கொடுத்தாள். அதன் பிறகு லயத்திலிருக்கும் எல்லோரும் உறைகளைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள். அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. இவ்வளவுதான் காரணம். எனக்கு இது போதும்.

3

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் நிரந்தரமாக வசித்த மாவட்டம் எது என்று கேட்கும். மற்றப் பிள்ளைகள் யோசிக்காமல் நிரப்பிவிட்டுப் போவார்கள். சிந்துஜா அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கத் தேவையான குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். கண்டிக்கு அதிகம், நுவரெலியாவுக்குக் குறைவு. போன வருடத்தை வைத்துப் பார்த்தால், அவள் எடுத்த புள்ளிக்கு நுவரெலியாப் பிள்ளை என்றால் பாமசி கிடைக்கும். கண்டிப் பிள்ளை என்றால் கிடைக்காது, வரிசையில் கீழே இருக்கும் வேறு ஏதாவது கிடைக்கலாம்.*

(* புள்ளியை நான் எழுதவில்லை. வெட்டுப்புள்ளி வருடா வருடம் மாறும். அவளுடைய புள்ளி அவளுடைய சொந்த விஷயம்.)

அவள் வசிப்பது புசல்லாவைக்கு மேலே, மாவட்ட எல்லையைத் தாண்டி, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில். பிறந்த நாளிலிருந்து அதே லயத்தில்தான். ஆனால் கடதாசியில் அவள் கம்பளைக்காரி, கண்டி மாவட்டம். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது, பின்னால் விஞ்ஞானம் படிக்கக்கூடிய கம்பளைப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று, அங்கே ஊருக்குள் வசிக்கிற பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள் என்பதால், சந்திரகுமார் தன் முதலாளி ஹுஸைன் ஹாஜியாரின் வீட்டு முகவரியைக் கொடுத்தார். ஹாஜியாரின் புடவைக் கடையில்தான் அவருக்கு வேலை. வாக்காளர் இடாப்பிலும் தன் பெயரை அங்கே மாற்றிக்கொண்டார். பதினெட்டு வயதானதும் மகளின் பெயரும் அங்கேயே பதிவாயிற்று. மலையில் கொழுந்து பறிக்கும் தாயின் பெயர் மட்டும் தோட்டத்திலேயே கிடக்கிறது.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. லயத்துக்கு அனுப்பிய கடிதம் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. ஆகவே முக்கியமான கடிதங்களுக்கு டவுன் கடையொன்றின் முகவரியைக் கொடுப்பார்கள். கடிதம் போய்ச் சேர்ந்த முகவரிக்குக் கொஞ்ச காலத்தில் பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆக, இப்போது உண்மையை எழுதினால் பாமசி கிடைக்கும். கூடவே ஒன்பது வருடப் பொய்யும் வெளியே வரும். "தகவல் பொய்யெனத் தெரியவந்தால் அனுமதி ரத்துச் செய்யப்படும்" என்று படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. எந்தப் பொய் என்று போடவில்லை.

4

"கண்டின்னே போடும்மா," என்றார் சந்திரகுமார். "ஒம்போது வருசமா இல்லாத வம்பு இப்ப எதுக்கு?"

"நம்ம எங்கப்பா இருக்கோம்?"

"அது வேற."

"அந்தக் கட்டத்துல அதத்தானே கேக்குறாங்க."

அவர் வெளியே போய் நடைபாதையில் நின்றுகொண்டார். (இங்கே அவரை ஒரு சிகரெட் பிடிக்க வைத்திருந்தேன். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. சும்மாதான் நின்றார், இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல்.)

சற்று நேரத்தில் ஹாஜியாரே வந்தார். எழுபது வயது. கடை எதிர்ச்சாரியில்தான். சந்திரகுமார் சொல்லியிருக்க வேண்டும்.

"மகள், நீங்க உண்மையவே எழுதுங்க," என்றார் கதிரையில் உட்கார்ந்துகொண்டே. "விசாரிச்சாங்கண்டா நான் பேசிக்கொள்றேன். இந்த வயசுல என்னயக் கொண்டு போய் யாருக்கு என்ன லாபம்?"

"அந்த ரெண்டு புள்ளைங்க, ஹாஜியார்?" என்று கேட்டாள் சிந்துஜா.

ஹாஜியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய முகவரியில் இப்போது இன்னும் இரண்டு சிறுமிகள் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். ஒருத்தி ஆறாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. இருவரும் சிந்துஜாவின் லயத்துப் பிள்ளைகள். அவள் பள்ளிக்கூடம் போன அதே காலை ஐந்தே கால் பஸ்ஸில்தான் வருவார்கள். ஒரு முகவரியைத் தோண்டினால் மூன்று பேரும் வெளியே வருவார்கள்.

"அதுக்கு நான் என்னத்தச் சொல்ற," என்றார் ஹாஜியார் கடைசியாக. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். நேரம் ஆகியிருக்கவில்லை.

5

இதுவரை ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். கதையில் திருப்பம் வேண்டுமென்று மறைக்கவில்லை. வெட்கத்தில் மறைத்தேன்.

ஒன்பது வருடங்களுக்கு முன் பள்ளிக்கூடத்துக்கு ஹாஜியார் கொடுத்த கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான். சந்திரகுமார் கேட்டது ஒரு வரி: பிள்ளை இந்த முகவரியில் வசிக்கிறாள். அந்த ஒரு வரி எனக்கு மொட்டையாகத் தெரிந்தது. எழுதுகிறவனின் கை சும்மா இருக்குமா? மேல்மாடியில் அவளுக்கென்று ஓர் அறை என்று சேர்த்தேன். அதில் ஒரு படிக்கும் மேசை போட்டேன். மேசைக்கு முன்னால் ஒரு ஜன்னல் வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மகாவலி ஆற்றை ஓடவிட்டேன்.

நேர்முகப் பரீட்சையில் பதினொரு வயதுப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்கள், உன் ஜன்னலில் என்ன தெரியும் என்று.

"ஆறு தெரியும்," என்று சொல்லியிருக்கிறாள்.

இடம் கிடைத்தது. சந்திரகுமார் எனக்கு ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஜன்னலை எண்ணி நான் பல நாள் பெருமைப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய லயத்துக் காம்பராவுக்கு ஒரு கதவு மட்டும்தான். முன்னால் கழிவுநீர்க் கான், அதற்கப்பால் அடுத்த லயத்தின் பின்சுவர். பின்னாளில் ஒரு சாவு வீட்டுக்குப் போனபோது பார்த்தேன்.

6

முடிவுகள். வழக்கம்போலச் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அவள் கண்டி என்று போடுகிறாள். பாமசி கிடைக்கவில்லை, வேறொரு பட்டம் கிடைக்கிறது. அந்த இரண்டு சிறுமிகளும் தொடர்ந்து படிக்கிறார்கள். சந்திரகுமார் நிம்மதியாகத் தூங்குகிறார். மூக்காயியின் ஹோர்லிக்ஸ் போத்தல் மறுபடியும் நிறைகிறது.

அல்லது நுவரெலியா என்று போடுகிறாள். யாரும் எதையும் தோண்டவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வெள்ளைக் கோட்டோடு நடந்து போகிறாள். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே இதை நம்பவில்லை.

அல்லது விசாரணை வருகிறது. ஒரு நல்ல அதிகாரி லயத்துக்கே வந்து, கதவைத் தாண்டி உள்ளே பார்த்து, தாயின் பெயரிருக்கும் இடாப்பையும் பார்த்து, இந்தப் பிள்ளை இங்கேதான் என்று

இல்லை. ஒரு நல்ல அதிகாரியைக் கதைக்குள் இறக்குமதி செய்வது, ஜன்னல் வைப்பதைப் போன்ற காரியம்தான்.

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். எதையும் அனுப்புவதற்கு முன் ஒரு பிரதி அச்செடுத்து, வீட்டில் ஆறுதலாகப் பார்க்கச் சொல்வது என் கடை வழக்கம். சிந்துஜா இரண்டு பிரதிகள் கேட்டாள். ஒன்றில் கண்டி, மற்றதில் நுவரெலியா. மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறொருவருக்கு அடையாள அட்டை போட்டோகொப்பி எடுக்கத் திரும்பினேன்.

திரும்பி வந்தபோது ஒன்று மடிக்கப்பட்டு அவளுடைய பைக்குள் போயிருந்தது. மற்றது என் மேசையில் குப்புறக் கிடந்தது.

"முடிவெடுத்தாச்சா?"

"ஆமாண்ணா. ராவைக்கு போன்ல நானே அனுப்பிக்கிறேன்." குப்புறக் கிடந்த தாளை என் பக்கமாகத் தள்ளினாள். "இது ஒங்களுக்கு. பின்பக்கம் எழுத ஆகும்தானே?"

அவளுக்கு என் பழக்கம் தெரிந்திருக்கிறது. நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வாசலில் தகப்பன் குடையை விரித்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"திலீபன் அண்ணா, இந்தத் தடவ நீங்களா எதுவும் சேக்காதீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீங்கள் இப்போது வாசிப்பது அந்தத் தாளின் பின்பக்கத்தில் தொடங்கியது. மறுபக்கத்தை நான் பார்க்கவில்லை. தாள் மெல்லியது, வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும், ஆகவே அடியில் ஒரு மட்டையை வைத்துத்தான் எழுதுகிறேன். அவள் எங்கே வசிக்கிறாள் என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். பதினொரு வயதில் அதற்குள் தனியாக நின்று, இல்லாத ஆற்றைப் பார்த்தாள். இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

தாளை உங்களிடமே தருகிறேன். மறுபக்கத்தில் இருப்பது அவள் வேண்டாமென்று விட்டுப்போன மாவட்டம். திருப்பினால் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கேட்கிறேன். திருப்புவதற்கு முன், அவளுடைய இடத்தில் நீங்கள் எதைப் போட்டிருப்பீர்கள் என்று இங்கே கீழே எழுதுங்கள். எழுதிவிட்டு, மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையானவை என்று கையொப்பமும் போடுங்கள்.

........................................