சிவப்பு விட்டுப்போன துணி

எங்கள் வீட்டில் துணியில் முடிச்சுப் போடுவது அம்மா, சாயத்தில் முக்குவது அப்பா. முடிச்சுக்குள் சாயம் போகாது. அவிழ்த்தால் அந்த இடத்தில் முந்தைய நிறம் புள்ளியாக நிற்கும். என் கல்யாணத் துணியில் வெள்ளைப் புள்ளிகளையும் மஞ்சள் புள்ளிகளையும் அம்மா கட்டி முடித்திருந்தாள். சிவப்பிலும் முக்கியாயிற்று. மிச்சம் கறுப்புதான். அதற்கு முன் ஓரத்தில் சிவப்புப் பூ கட்ட வேண்டும் என்றார் அப்பா. கண்ணை உறுத்தும் என்றாள் அம்மா. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா. அப்பா கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். "பசிக்கலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். கல்யாணமாகி நான் போய்விட்டால் இந்த இரண்டு வீம்பும் யார் வழியாகப் பேசிக்கொள்ளும்? துணியைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒரு நாள் தையல்காரரிடம் போய்விட்டுத் திரும்பினேன். துணி கறுப்புத் தொட்டியில் கிடந்தது. அம்மா விரலில் நூலைச் சுற்றியபடி பக்கத்தில் நின்றாள்.

"சிவப்புப் பூ கட்டலாம்னு இப்பதான் உக்கார வந்தேன்," என்றாள், என்னைப் பார்த்து.

அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. "வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சு முக்கிட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்டன்னு கேளு."

நான் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. உள்ளே போய் அழுதேன். கறுப்பின் மேல் வேறு நிறம் ஏறாது. புதிதாக ஒன்று கட்ட நாளும் இல்லை.

கல்யாணத்துக்கு அதையே உடுத்திக்கொண்டேன். மாப்பிள்ளையின் அத்தை ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "எல்லாம் நல்லாயிருக்கு. இங்க கொஞ்சம் சிவப்பு விட்டிருக்கலாம்."

"அவர் சொன்னாரு. நான்தான் கேக்கல," என்றாள் அம்மா.

"அவ மேல தப்பில்ல. அவசரப்பட்டு முக்கினது நான்," என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. தப்பு என்னுது."

"எப்பவும் நீ சொல்றதுதானா? எனக்கு வாய் இல்லையா?"

"இத்தனை நாள் எங்க போச்சாம் அந்த வாய்?"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அத்தை பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "என்னம்மா இது, நீயாவது சமாதானம் பண்ணக் கூடாதா?"

"விடுங்க அத்தை," என்றேன். "நேரா பேசிக்கிறாங்க."