பல்லை எண்ணிய தோல் டாக்டர்

“மாப்பிள்ளையையும் இதே கட்டில்ல படுக்கவெச்சு இதே மாதிரி பாருங்க.”

இதை மட்டும் வாயிலிருந்து விட்டுவிடாதே என்று ஆரியசாலையில் பஸ் ஏறியது முதல் மூன்று தடவை சொல்லியிருந்தாள் பேச்சி. மாப்பிள்ளையையும் டாக்டரிடம் காட்டுவார்களா என்று வீட்டில் வைத்தே ஒருமுறை கேட்டவள்தான் மகள். இப்போது டாக்டர் திவ்யலட்சுமிக்கு முன்னால், மாப்பிள்ளையின் அம்மா பொன்னம்மை நாற்காலியில் சாய்ந்திருக்க, இசக்கிசெல்வி அதை உரக்கவே சொல்லிவிட்டாள்.

வந்தது ஒரு தழும்புக்காக. பேச்சி வேலை செய்யும் மொத்தக் கடையில் லீவு நாட்களில் மல்லிப்பொடி பாக்கெட் ஒட்டித்தான் செல்வி எம்.காம். முடித்தாள், அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள். ஒட்டுகிற மெஷினின் சூடு பட்டு மணிக்கட்டில் விரல் நீளத்துக்கு வெளுத்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்றே பொன்னம்மையின் கண் அங்கே நின்றுவிட்டது. வெண்குஷ்டமாக இருந்தால்? கரமனையில் தெரிந்த ஸ்பெஷலிஸ்ட் உண்டு, டோக்கன் நானே எடுக்கிறேன் என்றாள். அதைப் பெரிய மரியாதையாக நினைத்து மகளுக்குப் புதுச் சுடிதார் வாங்கினாள் பேச்சி.

தழும்புக்கு டாக்டர் ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. சூடு பட்டது, நோய் இல்லை என்றார். செல்வி எழுந்தாள். உட்காரச் சொன்னார். தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்தார். காதுக்குப் பின்னால், கால்விரல் இடுக்கில், முதுகில் லைட் அடித்துப் பார்த்தார். அதுவரை தோல் சம்பந்தப்பட்டதுதான் என்று பொறுத்தாள். பிறகு குனியவைத்து முதுகெலும்பைத் தடவினார், அறைக்குள் நடக்கவிட்டார், படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார், மாதவிலக்கு நாள் கேட்டார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார். தோல் டாக்டருக்குப் பல் எதற்கு? ஒவ்வொன்றுக்கும் மேசையிலிருந்த தாளில் ஒரு டிக் விழுந்தது.

கட்டிலிலிருந்து இறங்கியவள் அந்தத் தாளை எடுத்தாள். பொன்னம்மையின் கையெழுத்து, மலையாளத்தில். பேச்சிக்கு அது வாசிக்கத் தெரியாது. மலையாளம் மீடியத்தில் படித்த மகள் வாசித்துச் சொன்னாள்: நடை, கூன், பல், வயிற்றில் ஆபரேஷன் அடையாளம், மாதமுறை. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையைக் கட்டிலுக்கு அழைத்தாள்.

இதெல்லாம் இப்போ எல்லாரும் செய்யறதுதான் மோளே என்றார் டாக்டர்.

“ஆம்பளைப் பிள்ளைய அப்படியெல்லாம் காட்டுவாங்களா?” என்றாள் பொன்னம்மை. “எங்க மனசமாதானத்துக்குத்தான் இது, கேட்டியா.”

“மிளகாய் வத்தல் எடுக்க வர்ற யாவாரிகூட மூட்டையக் குத்திப் பாக்கறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேப்பான், மாமி.”

“மன்னிப்புக் கேளுட்டி,” என்று பேச்சி கையைப் பிடித்தாள். செல்வி உதறினாள்.

தாளோடு வராந்தாவுக்கு வந்தாள். அங்கே போனிலிருந்து தலை நிமிர்ந்த மாப்பிள்ளை ஜெயகுமார், நடையெல்லாம் சரிதானே என்று சிரித்தான். ஆக, அவனுக்கும் தெரியும். தாளை அவன் மடியில் வைத்தாள்.

“எல்லாத்துலயும் பாஸ். நீங்க வேற பொண்ணு பாத்துக்கிடுங்க.”

பல்லை எண்ணும்போதே எடுத்த முடிவு அது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பேச்சி பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.