உப்பிய கன்னம்

ஆயத்த ஆடை கம்பெனியின் இஸ்திரிப் பிரிவில் அவனுக்கு 'ஆவி' என்று பட்டப்பெயர். நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? மனைவி ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. "இந்தாப்பா" என்று மாற்றிக்கொண்டார்கள்.

அவள் விட்டுப்போனது, நடை பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தையை. பகலில் அது காப்பகத்தில் இருந்தது. சாயங்காலமானால் அவன் தோளில். அம்மாவைத் தேடி அழும் பிள்ளையைத் தூங்கவைக்க அவனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்து, பிள்ளையை வயிற்றின்மேல் போட்டுக்கொள்வான்.

அவன் இடுப்பில் படர்தாமரை இருந்தது. வேர்வையும் இறுக்கமான பெல்ட்டும் சேர்ந்து கொடுத்த சீர். அதற்கு மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கி வந்தவள் மனைவிதான்.

"வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் காட்டாம சொறிஞ்சிக்கிட்டே இருங்க. பாக்கறவங்க வீணை வாசிக்கிறான்னு நெனச்சுக்கப் போறாங்க" என்று சிரித்துக்கொண்டே அவளே தடவிவிட்டாள்.

தடவினால் அரிப்பு உடனே அடங்கும். விட்டால் கொஞ்ச நாளில் முன்னைவிட அகலமாக வந்து நிற்கும். வேலை அப்படி, வேர்வை அப்படி என்று அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழந்தையின் தொடையில் சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தபோதும் அவன் யோசிக்கவில்லை. அவள் வாங்கித் தந்த மருந்து கெடுதல் செய்யுமா? நிறைய எடுத்து அப்பி, மேலே நாப்கினை இறுக்கிக் கட்டினான். சிவப்பு சீக்கிரமே மறைந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு வட்டம் அடிவயிற்றுக்கு ஏறியது. இன்னும் அப்பினான். டியூப் தீர்ந்ததும் காலி டியூபைக் கடைக்காரரிடம் காட்டினான். அவர் அதே மாதிரி இன்னொன்றை எடுத்து நீட்டினார். யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

இதற்கிடையில் பிள்ளையின் கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. முகம் வட்டமாகி, தாடைக்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்தது. காப்பகத்து ஆயா பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கும்போது, "வீட்டில என்னப்பா குடுக்கிற? எனக்கும் கொஞ்சம் அனுப்பு, எலும்பும் தோலுமா கெடக்கேன்" என்றாள். அன்று அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாயில்லாப் பிள்ளையை வாடவிடாமல் வளர்க்கிறோம் என்று நெஞ்சு நிறைந்தது. உப்பிய கன்னத்தைப் படம் எடுத்து மச்சினிக்கு அனுப்பினான்.

படத்தைப் பார்த்த மச்சினி நேரில் வந்துவிட்டாள். மனைவியின் தங்கை, வாயாடி. அன்று வாயே திறக்காமல் பிள்ளையைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, முகம் மட்டுந்தான் இப்படி இருக்கு. கை காலப் பாருங்க, குச்சியாட்டம். அக்கா இருந்தப்ப வாங்கின கவுன் இன்னும் சரியா இருக்கே, பிள்ளை வளரவே இல்லையா?"

"நல்லா இருக்கிற பிள்ளையப் போய்…" என்று அவன் எரிந்து விழுந்தான். ஆனால் குழந்தையின் உடம்பு அனலாகக் கொதித்தது. இருவருமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

காய்ச்சலைப் பார்த்தவர் அனுப்பிவைத்த தோல் டாக்டர் அம்மா நாப்கினை அவிழ்த்துப் பார்த்தார். தோல் காகிதம்போல் மெலிந்து, உள்ளே நரம்பு தெரிந்தது. அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய டியூபை வாங்கிப் படித்தார்.

"இது யாருக்குக் குடுத்த மருந்து?"

"எனக்குங்க. கடையில கேட்டு வாங்கினது."

"இதுல பூஞ்சைக்கு மருந்து இருக்கு. கூடவே கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருக்கு. அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிடும். போயிடுச்சுன்னு நீங்க நெனைப்பீங்க, அது பாட்டுக்கு உள்ளுக்குள்ள பரவும். குழந்தைத் தோல் மெல்லிசு. மேல நாப்கின் கட்டி மூடினா மருந்து ரத்தத்துல கலந்து, வளர்ச்சியையும் நோயைத் தாங்கற சக்தியையும் கெடுத்துடும். இந்தக் கன்னம் சதை இல்லைங்க, மருந்து."

"இன்னையோட நிறுத்திடறேன்மா."

"நீங்களா சட்டுனு நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு அதுக்குப் பழகிடுச்சு. இங்கயே சேர்த்து, பாத்துப் பாத்துக் குறைக்கணும்." பிறகு அவன் இடுப்பையும் காட்டச் சொன்னார். "உங்ககிட்ட இருந்துதான் ஒட்டியிருக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்து வைத்தியம் பண்ணணும். உங்களுக்கு ஸ்டீராய்டு கலக்காத மருந்து தர்றேன். கழுவி, ஈரம் போகத் துடைச்சு, வட்டத்துக்கு வெளியிலயும் கொஞ்சம் தள்ளி மெல்லிசாத் தடவுங்க. மறைஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க. துண்டு, துணி எல்லாம் தனி. அதுவரைக்கும் பிள்ளைய வெறும் உடம்புல போட்டுக்காதீங்க."

கடைசியாகச் சொன்னதுதான் அவனை உடைத்தது. நடைபாதை பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"உங்கக்கா வாங்கினதுதானே…"

"உங்களுக்குத்தானே வாங்கினா, மாமா" என்றாள் மச்சினி. பக்கத்தில் உட்கார்ந்து, "பாவம், அவளுக்கும் தெரியாது" என்றாள்.

காய்ச்சல் நெஞ்சுச் சளியாக மாறி, பிள்ளை பிழைக்குமா என்று தவிக்கவைத்துத்தான் விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அது நேராக மச்சினி வீட்டுக்குப் போனது. வேளாவேளைக்கு மருந்து கொடுக்கவும் சோதனைக்குத் தூக்கிப்போகவும் அங்கே ஆள் இருந்தது. அவன் வாராவாரம் போய்த் தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தான். பெல்ட்டை விட்டான். துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயவைத்தான். இடுப்பில் தடமே தெரியாமல் போன பிறகும் சொன்னபடி தடவினான். அங்கே பிள்ளையின் கன்னம் மெல்ல மெல்ல வற்றியது. வற்ற வற்ற, உள்ளேயிருந்து அதன் அம்மாவின் முகம் வெளியே வந்தது. பார்க்க முடியாமல் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

இருவருக்கும் குணமாகிவிட்டது, இனித் தூக்கலாம் என்று டாக்டர் அம்மா சொன்ன அன்றே, பிள்ளையின் துணியெல்லாம் எடுத்து வைத்துக் கூட்டிவரக் காலிப் பையோடு போனான். கையை நீட்டியதும் பிள்ளை மச்சினியின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா!" என்று வீறிட்டது.

"சித்தின்னு சொல்லும்மா… சித்தி" என்றாள் மச்சினி. "நான் சொல்லிக் குடுக்கல மாமா. சத்தியமா."

"தெரியும். விடு, இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்."

பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தான். வாசல்வரை வந்த மச்சினி, "அடுத்த வாரம் வாங்க மாமா" என்றாள். அவள் இடுப்பிலிருந்த பிள்ளை, இப்போது பயம் தெளிந்து, பிஞ்சுக் கையை ஆட்டியது.

"டாட்டா, மாமா."

அவனும் கையை ஆட்டினான்.