இரண்டு மணிக்கு ஆடும் எழுத்துகள்

2009ஆம் ஆண்டு ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, தபால் நிலையத்துக்குப் பின்னாலுள்ள மூன்றாவது தெருவில், மருந்துக்கடைக்காரர் வீட்டு முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த ஐந்து மர எழுத்துகள் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கின. அவை அவருடைய மகளின் பெயர். ஒவ்வோர் எழுத்தும் அரை அடி உயரம், முக்கால் அங்குலக் கனம், தேக்கு, இரண்டு பூச்சு வார்னிஷ். ஒவ்வொன்றையும் இரண்டு ஆணிகள் சுவரோடு இறுக்கிப் பிடித்திருந்தன. ஆணிகள் அசையவில்லை, சுவர் அசையவில்லை. எழுத்துகள் மட்டும் நிமிடத்துக்கு இருபத்திரண்டு முறை ஆடின. கடைசி எழுத்தின் தலையிலிருந்த புள்ளி தனியாக அறுத்துப் பொருத்தப்பட்டது என்பதால் ஒரு கணம் பிந்தி ஆடியது. அறையில் இருந்த நான்கு பேரும் இருந்த இடத்திலேயே தூங்கிப்போனார்கள். ஊருக்கெல்லாம் தூக்க மாத்திரை விற்றுவிட்டுத் தான் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர், பதினாறு வருடங்களுக்குப் பிறகு வாய் பிளந்து குறட்டை விட்டார். நான்கு மணிக்கு எழுத்துகள் நின்றன. எல்லோரும் எழுந்து முகம் கழுவிக்கொண்டார்கள்.

அதே நேரத்தில் வேறு எட்டு வீடுகளிலும் இதே நடந்தது. தையற்காரர் வீட்டில் பாதி தைத்த சட்டைக் கை எந்திரத்திலேயே நின்றது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் வீட்டில் ஒரு மாணவன் வகுத்தலின் நடுவில் நோட்டுப் புத்தகத்தின் மேல் சாய்ந்தான், ஆசிரியர் மாணவனின் மேல் சாய்ந்தார். மறுநாள் நகராட்சியிலிருந்து பொறியாளர் ஒருவர் அளவு நாடாவோடு வந்து மூன்று வீடுகளின் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். நான்காவது வீட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டாகிவிட்டது. அவருடைய அறிக்கையில் ‘கட்டடத்தில் குறையேதும் இல்லை’ என்ற வரியின் கடைசிச் சொல் தாளின் ஓரம் வரை வழிந்து போயிருக்கிறது. கோப்பு அதோடு மூடப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் மதிய வேலைகளை இரண்டுக்கு முன்னும் நான்குக்குப் பின்னுமாக மாற்றிக்கொண்டார்கள்.

காரணம் தெரிந்தவள் ஒருத்திதான். அந்த எழுத்துகளை அறுத்தவள் அவள். தான் வேலை பார்த்த சட்டைப் பொத்தான் தொழிற்சாலை மூடியபின் வேலை தேடி அலுத்து, வீட்டின் பின்னறையில் ஒரு மேசையும் ஒரு சிறிய மின் ரம்பமும் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டும் மர எழுத்துகள் செய்ய ஆரம்பித்தவள். பிள்ளைகளின் பெயர்கள், புதுமணத் தம்பதிகளின் பெயர்கள், ‘நல்வரவு’, ‘நலம்’ என்று ஊரார் கேட்டதையெல்லாம் செய்தாள். எழுத்தைத் தாளில் வரைந்து பலகையில் ஒட்டி, கோட்டுக்கு ஒரு நூலளவு வெளியே அறுத்து, பிறகு அரத்தால் கோட்டைத் தொடுவாள். சுழிக்குள் முதலில் துளை போட்டு, ரம்பத்தின் அலகைக் கழற்றி அதற்குள் நுழைத்து, மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். அவசரப்பட்டால் சுழி உடையும். அவள் அறுத்ததில் ஒரு சுழியும் உடைந்ததில்லை. உப்புத்தாளை மூன்று தரத்தில் போட்டுத் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். உறுத்தினால் மறுபடி தேய்ப்பாள். ஒரு பெயருக்கான எழுத்துகளை ஒரே மரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். வெவ்வேறு பலகையில் எடுத்தால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒரு வருடத்தில் ஓர் எழுத்து கறுக்கும், ஓர் எழுத்து வெளுக்கும், பெயரைப் பார்த்தால் பல் போன வாய் மாதிரி இருக்கும்.

இந்தச் சட்டம்தான் அவளைக் கெடுத்தது. 2007இல் மருந்துக்கடைக்காரர் மகளின் பிறந்தநாளுக்கு ஐந்தெழுத்து கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கொடுக்க வேண்டும். வாங்கி வைத்திருந்த தேக்குப் பலகை வியாழக்கிழமை மாலை, மூன்று எழுத்து அறுத்து முடித்த நிலையில், நெடுக வெடித்தது. மரக்கடையில் தேக்கு வர பத்து நாள் ஆகும் என்றார்கள். பின்னறைப் பரணில், பழைய போர்வையில் சுற்றி, அக்காவின் தேக்குத் தொட்டில் இருந்தது.

அந்தத் தொட்டிலை அக்காவின் கணவர், பேருந்து ஓட்டுநர், விடுமுறை நாட்களில் மூன்று மாதம் உட்கார்ந்து தன் கையாலேயே செய்தார். அவருக்குத் தச்சு வேலை தெரியாது. நான்கு ஆணி போதும் என்ற இடத்தில் பத்தொன்பது அடித்திருந்தார். குழந்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. அக்கா தொட்டிலைத் தங்கையின் வீட்டில் கொண்டுவந்து இறக்கினாள். “என் கண்ணுல படாம வை. ஆனா யாருக்கும் குடுத்துடாதடி” என்றாள். அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒன்பது வருடம் தொட்டிலைப் பற்றி அக்காவும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அந்த வியாழக்கிழமை ஒரு பக்கப் பலகையை மட்டும் கழற்றினாள். அக்கா இனி இதைக் கேட்கப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆணி போன ஓட்டைகளில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துத் தேய்த்ததில் மருந்துக்கடைக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்து தையற்காரர் ஆறெழுத்து கேட்டார், முன்னதில் மிச்சம் போதவில்லை, அதே மரம் வேண்டும் என்றால் மறுபக்கப் பலகைதான். ஒரு பக்கம் இல்லாத தொட்டில் தொட்டிலா என்று அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்தது. இரண்டு வருடத்தில் தொட்டில் முழுவதும் முப்பத்தெட்டு எழுத்துகளும் ஆறு புள்ளிகளுமாக ஒன்பது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. போர்வையை மட்டும் மடித்துப் பரணில் வைத்தாள்.

ஜூன் 9ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். நாற்பத்து மூன்று வயதில் தான் உண்டாகியிருப்பதாக டாக்டர் அன்று மதியம் இரண்டு மணிக்குச் சொன்னதாகச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“தொட்டில் இருக்குல்ல?”

“இருக்குக்கா. பத்திரமா இருக்கு.”

வாயிலிருந்து வந்தது அவளுக்கே கேட்டது. தங்கையின் கணவர், அச்சகத்தில் எந்திரம் ஓட்டுபவர், அக்கா போனபின் சட்டையை மாட்டியபடியே சொன்னார். “இன்னைக்குச் சொன்னா திட்டு வாங்குவ. குழந்தை பொறந்தப்புறம் சொன்னா என்ன வாங்குவேன்னு எனக்கே தெரியல.” அவள் அரத்தைத் தேடினாள், அரம் கையிலேயே இருந்தது.

அடுத்த ஏழு மாதம் அவள் பட்டது கொஞ்சமல்ல. அக்கா வாரத்துக்கொரு முறை தொட்டிலை விசாரித்தாள். பூச்சி அரித்திருக்கிறதா, வெயிலில் வைத்தாயா என்று. “வெச்சேன்க்கா” என்று சொல்லிவிட்டு, சொன்னதைப் பாதியாவது மெய்யாக்க அந்தப் போர்வையை எடுத்து மாடியில் காயப்போட்டாள். பிறகு, எழுத்துகளைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஒன்பது வீட்டுப் படியும் ஏறினாள். புது எழுத்து இலவசமாகச் செய்து தருகிறேன், இதைவிட நல்ல மரம், இதைவிடப் பெரிது என்றாள். ஒருவரும் அசைந்து கொடுக்கவில்லை. “மாத்திரை விக்கிறவன் நானே சொல்றேம்மா, இந்த மாதிரி சரக்கு என் கடையிலேயே கிடையாது” என்றார் மருந்துக்கடைக்காரர். தையற்காரரின் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “எழுத்தைக் கழட்டணும்னா என் வீட்டுக்காரரையும் சேர்த்துக் கழட்டிக்கிட்டுப் போங்க. இப்பதான் மனுஷன் மதியத்துல கத்தாம இருக்காரு.” கேட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே சில வீடுகளில் மணி இரண்டாகிவிடும். வீட்டார் ஒவ்வொருவராகச் சாய்வார்கள். அவள் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அந்த எழுத்துகளின் கீழே தூக்கம் வராத ஒரே ஆள் அவள்தான். நான்கு மணி வரை அவை ஆடுவதைப் பார்த்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கிளம்புவாள்.

நவம்பரில் வேறு தேக்கு வாங்கி, நினைவிலிருந்தே தொட்டிலைத் திரும்பச் செய்தாள். அளவு பிசகவில்லை. நிறத்துக்குத் தேயிலைத் தண்ணீர் பூசிப் பழசாக்கினாள். பத்தொன்பது ஆணிகளையும் அடித்தாள், ஆனால் அவள் கைக்குக் கோணலாக அடிக்க வரவில்லை. வளைத்து அடித்தாலும் எல்லா ஆணியும் ஒரே மாதிரி வளைந்தன. அவளுக்கே சிரிப்பு வந்து, உடனே நின்றது.

குழந்தை 2010 ஜனவரி 11ஆம் தேதி பிறந்தது. பெண். எடை சரி, நிறம் சரி, பால் குடித்தது, ஆனால் தூங்கவில்லை. பன்னிரண்டு நாட்கள் அது கண்ணை மூடவே இல்லை. மூன்று டாக்டர்கள் பார்த்து, குழந்தை ஆரோக்கியமாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். பதின்மூன்றாம் நாள் மதியம் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு நாள் கண் விழித்த முகத்தோடு, கணவருடன் வந்தாள். “தொட்டிலை எறக்குடி” என்றாள்.

அவள் இறக்கினாள். போர்வையை விலக்கினாள். ஓட்டுநர் தொட்டிலை ஒரு விரலால் தள்ளினார். அது சத்தமில்லாமல், நேராக, அழகாக ஆடியது. அவர் மறுபடி ஒரு முறை தள்ளிப் பார்த்தார். கோபப்படாமல், பேருந்தில் ஏதோ சத்தம் மாறியதைச் சொல்வது போலச் சொன்னார்.

“இது நான் செஞ்சதில்லம்மா. என்னுது இடது பக்கம் நொண்டும்.”

குழந்தை எல்லோரையும் விழித்துப் பார்த்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பது. தங்கை அதைப் பார்த்தாள். “வாக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பில்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள். இருவரும் பின்னால் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வீட்டு முன்னறையில் அவர்கள் நுழைந்தபோது எழுத்துகள் ஆடத் தொடங்கின. முழுதாக இருந்தபோது தொட்டில் நொண்டியது போலவே, ஒவ்வொரு சுற்றிலும் இடது பக்கம் ஓர் இம்மி அதிகமாகச் சாய்ந்து ஆடின. குழந்தையின் கண்கள் மூடின. ஓட்டுநர் தரையிலேயே உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்துத் தூங்கினார். அக்கா மட்டும் தூக்கத்தைத் தள்ளிக்கொண்டு, ஆடுகிற எழுத்தின் மேல் கையை வைத்துத் தடவினாள். பசையும் மரத்தூளும் அடைத்த இடங்களைக் கண்ணால் பார்க்க முடியாது; விரலுக்குத் தெரியும். ஓர் எழுத்தில் மட்டும் மூன்று ஆணி ஓட்டைகள். அவள் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தபடியே அவளுக்கும் கண் செருகியது.

நான்கு மணிக்கு விழித்ததும் கேட்டாள்.

“எத்தனை வீடு?”

“ஒன்பது.”

தங்கையிடம் அக்கா நேராகப் பேசிய கடைசிச் சொல், மூன்று வருடத்துக்கு, அந்தக் கேள்விதான். சண்டையும் போடவில்லை, போக்குவரத்தையும் நிறுத்தவில்லை. ஒன்பது வீட்டாரும் கூடிப் பேசி ஆளுக்கொரு நாளாக முறை வைத்தார்கள். தினமும் ஒன்றேமுக்காலுக்கு அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவாள். தங்கை பால் புட்டியும் மாற்றுத் துணியும் அடங்கிய பையோடு பின்னால் போவாள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அக்கா அதைக் குழந்தையிடம் சொன்னாள். “உங்க சித்திகிட்ட சொல்லு, நாளைக்கு டெய்லர் வீடு” என்பாள். “உங்க சித்திக்கு ஞாபகப்படுத்து, பால் ஆறிடுச்சு.” வாய் திறக்காத குழந்தையின் முகத்தைப் பார்த்துத் தங்கை “சரின்னு சொல்லு” என்பாள். பார்ப்பவர்களுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ஆசிரியர் மட்டும் ஒருமுறை, “தபால்காரருக்கு இன்னும் பல்லே மொளைக்கல” என்றார். வீடு வீடாக அவர்கள் நான்கு மணி வரை தூங்கினார்கள். அவள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று வருடத்தில் அவள் ஓர் எழுத்தும் அறுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் ரம்பம் பழுது என்றாள்.

குழந்தை பேசக் கற்றுக்கொண்டதும் தூது மெய்யாகவே அதன் வேலையாயிற்று. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2013 பிப்ரவரி 20, புதன்கிழமை, தையற்காரர் வீட்டு முன்னறையில், இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது, அக்கா குழந்தையைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். குழந்தை ஐந்தடி நடந்து சித்தியின் முன்னால் வந்து நின்றது.

“அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு அம்மா கேக்குறாங்க.”

அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில்கள் ஒன்பது வீட்டுக்கும் போதுமான அளவு இருந்தன. அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை.

“பயந்துட்டேன்னு சொல்லு.”

குழந்தை திரும்பி நடந்தது. “பயந்துட்டாங்களாம்.”

அக்கா மகளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். பிறகு, “இனிமே எங்கிட்டப் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லு. மத்தபடி சரின்னு சொல்லு” என்றாள்.

“இனிமே பொய் சொல்லக் கூடாதாம், சித்தி. மத்தபடி சரியாம்.”

எழுத்துகள் ஆடத் தொடங்கின. தையற்காரரின் எந்திரம் நின்றது, அவர் மனைவி சுவரில் சாய்ந்தாள். குழந்தை நின்ற இடத்திலேயே சித்தியின் மடியில் சரிந்தது. அன்று அந்த அறையில் இருந்த ஐந்து பேரும் நான்கு மணி பத்து நிமிடம் வரை தூங்கினார்கள்.